திரைவாசிப்பானும் தமிழ் எழுத்தும்: கட்டற்ற இயங்குதள வரலாற்றில் புனேயின் இடம்

புனே மாநகரின் தெற்கே, படைக்குடியிருப்புப் பகுதியைக் கடந்து சென்றால் கோந்த்வா என்னும் புறநகர் வரும். இந்திய ரிசர்வ் வங்கி 1969இல் தோற்றுவித்த தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தின் வளாகம் அங்கு அமைந்துள்ளது. மராத்தியர் இவ்வூர்ப் பெயரை டகர இனத்தின் நான்காம் எழுத்தைக் கொண்டு எழுதுவர். ஒலிப்பில் அது 'கோண்ட்வா' என்பதற்கே நெருக்கமானது. ஆங்கிலத்தில் அவ்வெழுத்தை 'டி', 'எச்' என்னும் இரண்டு எழுத்துகளால் குறித்தனர். அந்த ஆங்கில வடிவத்தைக் கண்ட தமிழர் அதனைத் தகரமாகக் கொண்டு 'கோந்த்வா' என்று எழுதி வருகின்றனர். நாவளை ஒலி இவ்வாறு பல்லொலியாயிற்று. ஊரை அறிந்தவர் எழுத்தில் தகரத்தைக் கண்டாலும் வாயில் டகரத்தையே ஒலிப்பர். கண்ணால் படிப்பவருக்கு இப்பிழை ஒரு பொருட்டன்று. கணிப்பொறித் திரையில் உள்ளதை ஒலியாக மாற்றித் தரும் திரைவாசிப்பானைச் சார்ந்திருப்பவரின் நிலை வேறு. எழுத்தில் எது உள்ளதோ அதுவே அவர் செவியில் விழும். அவ்வூரை அவர் முதன்முதலாக அறிவது அப்பிழையான ஒலிப்பின் வழியாகவே.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தமிழ் இலக்கணத்தின் முதற்பொருள். அவ்வுறவு பார்வையற்ற வாசகரின் அன்றாடக் கல்வியைத் தீர்மானிக்கும் ஒன்றாகக் கடந்த முப்பது ஆண்டுகளில் மாறியுள்ளது. கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸ் இயங்குதளத்தில் திரைவாசிப்பான்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அவ்வரலாற்றில் புனே நகரம் பெறும் இடத்தையும், அவை தமிழைப் படிக்க முற்பட்டபோது எழுந்த சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செவிவழிக் கல்வியின் பழைய நிலை

பார்வையின்றிப் புலமை எய்தியோர் தமிழ் இலக்கிய வரலாற்றில் உண்டு. கழுக்குன்றப் புராணம் பாடிய அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் எழுதிக்காட்டப் பெற்று எழுத்துகளைக் கற்றார் என்பது செவிவழிச் செய்தி. இரட்டைப் புலவருள் ஒருவர் கண்ணில்லாதவர் என்பர். இவ்விரு சான்றுகளையும் பெருமிதத்தோடு எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அவை காட்டும் மற்றோர் உண்மையை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. படித்துச் சொல்ல ஒருவர் உடனிருந்தால் மட்டுமே அக்கல்வி நடந்தது. படிப்பவர் எதைத் தேர்ந்தாரோ, எப்போது வாய் திறந்தாரோ, அதுவே கேட்பவரின் நூலகமாக இருந்தது.

பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பள்ளி போன்றவை புள்ளியெழுத்தைக் கொண்டுவந்தன. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. விரலால் தானே படிக்கும் உரிமை இதனால் கிடைத்தது. ஆனால் நூல்கள் கிடைக்கவில்லை. அச்சில் ஒரு தொகுதியாக உள்ள நூல் புள்ளியெழுத்தில் பல பருந்தொகுதிகளாக விரியும். பள்ளிப் பாடநூல்களுக்கு அப்பால், ஓர் ஆய்வு மாணவர்க்கு வேண்டிய உரைநூல்களும் ஆய்விதழ்களும் அவ்வடிவில் வெளிவருவது அரிதினும் அரிதாகவே இருந்தது.

கணிப்பொறி இந்நிலையை மாற்றக்கூடும் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. டெட் ஹென்டர் என்னும் பார்வையற்ற அமெரிக்கரின் நிறுவனம் 1989இல் டாஸ் இயங்குதளத்துக்கென 'ஜாஸ்' என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. பின்னர் அது விண்டோஸுக்கும் வந்து உலகெங்கும் பரவியது. அது விலைக்கு விற்கப்பட்ட மென்பொருள். கணிப்பொறியின் விலையோடு ஒப்பிடத்தக்க தொகையை அதற்கெனத் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. மேலும் அதன் மூலநிரல் மூடப்பட்டது. தமிழைப் படிக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ள முடிந்ததேயன்றிப் பயன்படுத்துவோர் தாமே அதில் தமிழைச் சேர்க்க வழியில்லை.

புனேயில் பிறந்த ஒரு மாணவர்

டி.வி. ராமன் 1965இல் புனேயில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். குழந்தைப் பருவத்தில் ஓரளவு பார்வை இருந்தது. கண்ணழுத்த நோயினால் 14ஆம் வயதில் அதுவும் நீங்கியது. பாடநூல்களை அவர் உடன்பிறந்தார் படித்துச் சொன்னார். அந்தகக்கவி காலத்து முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் மாறவில்லை என்பதற்கு இது சான்று. புனேயின் நவரோஜி வாடியா கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்றுப் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைக் கல்வியைத் தொடர்ந்தார். வளைகோடுகளின் ஏற்ற இறக்கங்களை ஒலியாகக் கேட்டறிய உதவும் மென்பொருளை அங்கே அவர் உருவாக்கினார். கணிதத்தைச் செவியால் 'காண' முடியும் என்னும் எண்ணத்தின் முதல் வடிவம் அதுவே எனலாம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வு, சமன்பாடுகள் நிறைந்த தொழில்நுட்ப நூல்களை ஒலிவடிவில் தருவது பற்றியது. 'ஆஸ்டர்' என்று அம்முறைக்கு அவர் பெயரிட்டார். அது அவரது வழிகாட்டி நாயின் பெயரும் ஆகும். கணிப்பொறியியலாளர் சங்கமாகிய ஏ.சி.எம். அமைப்பின் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான 1994ஆம் ஆண்டுப் பரிசு இதற்குக் கிடைத்தது. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வரியில் உள்ள குறிகளை இடமிருந்து வலமாக உச்சரிப்பதை ராமன் படித்தல் என்று கொள்ளவில்லை. ஒரு பின்னத்தின் மேலெண் எங்கு முடிகிறது, கீழெண் எங்குத் தொடங்குகிறது என்பதைக் குரலின் மாற்றத்தாலேயே உணர்த்த வேண்டும் என்றார். அமைப்பை உணர்ந்து ஒலிக்கும் படிப்பு அது. செய்யுளைச் சீர்பிரித்து ஓதுவதற்கும் பொருள்பிரித்து ஓதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழாசிரியர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

முனைவர் பட்டத்துக்குப்பின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியேற்ற ராமன், 1995இல் 'ஈமேக்ஸ்பீக்' என்னும் மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். ரிச்சர்டு ஸ்டால்மனின் ஜி.என்.யூ. திட்டத்தில் 1985 முதல் வெளிவந்த 'ஈமேக்ஸ்' உரைத்தொகுப்பியின்மேல் இது அமர்ந்தது. ஈமேக்ஸில் எழுதலாம், நிரல் இயற்றலாம், அஞ்சல் படிக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம். அதன் ஒவ்வொரு செயற்கூறும் வெளியிலிருந்து மாற்றத்தக்கது. மூலநிரலைத் தொடாமலேயே ஒரு செயலின் முன்னும் பின்னும் புதிய செயலை இணைக்கலாம். ராமன் இவ்வசதியைக் கொண்டு ஒவ்வொரு செயலையும் பேசவைத்தார்.

இதன் பயன் யாது என்பதை நாட்காட்டி எடுத்துக்காட்டே நன்கு விளக்கும். திரையில் ஒரு திங்களின் நாட்கள் கட்டம் கட்டமாக உள்ளன. வழக்கமான திரைவாசிப்பான் சுட்டி நிற்கும் வரியை எடுத்து ஏழு எண்களை வரிசையாகச் சொல்லும். அவற்றுள் எது வெள்ளிக்கிழமை என்பதை மேலிருக்கும் தலைப்பு வரியோடு பொருத்திக் கண்ணால்தான் அறிய இயலும். ஈமேக்ஸ்பீக்கோ நாட்காட்டி நிரலின் உள்ளிருந்தே பேசுவதால் கிழமை, நாள், திங்கள், ஆண்டு என முழுமையாகச் சொல்லும். திரையைப் படிப்பது வேறு, செய்தியைப் படிப்பது வேறு என்னும் தெளிவு இங்குப் பிறந்தது. தம் படைப்பைத் 'திரைவாசிப்பான்' என்று அழைப்பதை ராமன் ஏற்பதில்லை. 'செவிப்புல மேசைத்தளம்' என்னும் பொருளில் வேறு பெயரால் குறிப்பார். வகைப்படுத்தும் வசதிக்காகவே இக்கட்டுரை அதனைத் திரைவாசிப்பான்களோடு சேர்த்துப் பேசுகிறது.

லினக்ஸ் 1991இல் தோன்றியது. ஈமேக்ஸ்பீக் வந்தபோது அதற்கு வயது நான்கு. பார்வையற்ற ஒருவர் தாமே ஒரு முழுக் கணிப்பொறியை ஆள்வதற்கு லினக்ஸில் கிடைத்த முதல் வழிகளுள் ஒன்றாக அது அமைந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் 1999இல் ஈமேக்ஸ்பீக்கைத் தன் தகவல் தொழில்நுட்பத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. ராமன் அடோபி, ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களில் பணியாற்றியபின் 2005இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

பிற முயற்சிகளும் ஓர்க்காவும்

அதே 1995இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த நிகில் நாயர், லினக்ஸின் எழுத்துத்திரையைப் புள்ளியெழுத்துக் கருவிக்கு அனுப்பும் 'பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.' மென்பொருளைத் தொடங்கினார். கனடாவின் கிர்க் ரெய்சர் 'ஸ்பீக்கப்' என்பதை இயங்குதளக் கருவின் உள்ளேயே பொருத்தினார்; இதனால் கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போதே பேசத் தொடங்கியது. இவை எல்லாம் எழுத்துத்திரைக் காலத்துப் படைப்புகள். சாளரங்களும் படவுருக்களும் நிறைந்த வரைகலைத் திரை வந்தபோது அவை போதவில்லை.

க்னோம் மேசைத்தளத்துக்கென உருமேனியாவில் உருவான 'க்னோபெர்னிகஸ்' முதலில் வந்தது, அது நிலைக்கவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த பார்வையற்ற பொறியாளர் மார்க் மல்கஹி 2004இல் 'ஓர்க்கா'வைத் தொடங்கினார். 2006 செப்டம்பரில் வெளிவந்த க்னோம் 2.16இல் அது முறையான உறுப்பாயிற்று. விண்டோஸுக்கான ஜாஸ் சுறாவை நினைவூட்டும் பெயர்; ஓர்க்கா சுறாவையும் வேட்டையாடும் திமிங்கில இனம். பெயரிட்டோரின் குறும்பு வெளிப்படை.

ஓர்க்கா இயங்கும் முறை ஈமேக்ஸ்பீக்கினின்றும் வேறானது. ஒவ்வொரு பயன்பாட்டு மென்பொருளும் தன்னிடமுள்ள பொத்தான், பட்டி, உரைப்பெட்டி முதலியவற்றின் பெயரையும் நிலையையும் ஒரு பொது இடைமுகத்தில் அறிவிக்கும். ஓர்க்கா அவ்வறிவிப்பைக் கேட்டு, எதைச் சொல்வது எதை விடுப்பது என்று முடிவுசெய்து, பேச்சை ஒழுங்குபடுத்தும் இடைநிலை மென்பொருளுக்கு அனுப்பும். செக் நாட்டில் உருவான அவ்விடைநிலை மென்பொருள் அதனைப் பேச்சுப்பொறியிடம் சேர்க்கும். பயன்பாட்டு மென்பொருளை எழுதியவர் தன் பொத்தானுக்குப் பெயரிட மறந்தால் ஓர்க்கா 'பொத்தான்' என்று மட்டுமே சொல்லும். மறதியின் விலையைக் கொடுப்பவர் எழுதியவர் அல்லர்.

கட்டற்ற மென்பொருளைப் பாராட்டுவோர் மறைத்துவிடும் பகுதி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின் ஓர்க்காவை வளர்த்த பொறியாளர் பலர் வேலையிழந்தனர். அதன்பின் ஜோன்மரி டிக்ஸ் என்பவரின் தலைமையில், பெரும்பாலும் அவர் உழைப்பிலேயே, அது உயிர்பிழைத்தது. மூலநிரல் திறந்திருந்தமையால் திட்டம் அழியவில்லை என்பது உண்மையே. உலகெங்கும் உள்ள பார்வையற்ற லினக்ஸ் பயனர் ஒரு சிலரின் தோள்மீது நிற்க நேர்ந்தது என்பதும் அதே அளவு உண்மை.

குறியேற்றம்: புனே தந்த இரண்டு

திரைவாசிப்பான் எதனைப் படிக்கும் என்பது ஆவணத்தில் எழுத்துகள் எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது. இங்குப் புனே மீண்டும் வருகிறது. 1988இல் அந்நகரில் தோன்றிய உயர்கணிப்பு வளர்ச்சி மையமாகிய சி-டாக், கான்பூரில் தொடங்கிய இந்திய எழுத்துத் தொழில்நுட்பப் பணியை ஏற்று வளர்த்தது. அதன்வழி உருப்பெற்ற 'இஸ்கி' குறியேற்றம் 1991இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. யூனிகோடின் தமிழ்ப்பகுதி இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றி அமைந்தது. தேவநாகரிக்கென வகுத்த கட்டங்களில் தமிழ் எழுத்துகளை இருத்தி, எஞ்சிய இடங்களை வெற்றிடமாக விட்டனர் என்றும், உயிர்மெய்களுக்குத் தனியிடம் தரவில்லை என்றும் தமிழறிஞர் பலர் குறைகூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆயினும் செவிவழி நோக்கினால் இஸ்கியும் யூனிகோடும் செய்த நன்மை பெரிது. அவற்றில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் அமைகின்றன. 'கொ' என்பதைச் சேமிக்கும்போது ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னும் வரும். உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னும் நிற்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. பழைய எழுத்துருக் குறியேற்றங்களோ தட்டச்சின் காட்சி வரிசையைப் பின்பற்றின: கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். எழுத்தின் உருவம் சரியாகத் தெரியும். ஒலியின் வரிசை சிதைந்திருக்கும்.

அதனினும் பெரிய கேடு மற்றொன்று. டி.எஸ்.சி.ஐ.ஐ., 1999ஆம் ஆண்டுத் தமிழிணையம் மாநாட்டையடுத்து வந்த டாம், டாப், ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் மிகுதியாகக் கையாண்ட பாமினி எனப் பற்பல குறியேற்றங்கள் புழங்கின. தமிழ்ப் பதிப்பகங்களில் பரவியிருந்த ஸ்ரீலிபி எழுத்துருக்களை ஆக்கிய நிறுவனமும் புனேயைச் சேர்ந்ததே. இவற்றுள் பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதினால் கணிப்பொறியின் நினைவில் பதிவது ஆங்கில எழுத்துகளே. திரைவாசிப்பான் அதனை 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று படிக்கும். கண்ணுக்குத் தமிழாகவும் செவிக்குப் பிதற்றலாகவும் ஒரே ஆவணம் இருந்தது. 1990களிலும் 2000களிலும் கணிப்பொறியில் கோக்கப்பட்ட தமிழ் நூல்களில் மிகப் பல இவ்வகையினவே. இவ்வாறு ஒரே நகரம் நோயின் ஒரு பகுதியையும் மருந்தின் ஒரு பகுதியையும் தந்திருக்கிறது.

தமிழக அரசு 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும் டேஸ்-16 என்னும் பதினாறு பிட்டுக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. டேஸ்-16 ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தருவதால் இலக்கண நோக்கில் அழகியது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருத்தப்பட்டது. அப்பகுதியில் உள்ள குறிக்கு உலகப் பொதுவான பொருள் இல்லை. எனவே பேச்சுப்பொறிகள் அதனை அறியா. அச்சுக்கு எது ஏற்றது என்னும் வாதத்தில், கேட்டுப் படிப்போர் பெரும்பாலும் நினைக்கப்படவே இல்லை.

தமிழ் பேசக் கற்ற பொறி

தமிழுக்கான பேச்சுப்பொறி முயற்சிகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவாகி 2001ஆம் ஆண்டு கோலாலம்பூர்த் தமிழ் இணைய மாநாட்டில் அறிமுகமான 'திருக்குறள்' முன்னோடிகளுள் ஒன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில், நடுவணரசின் நல்கையோடு 2009இல் தொடங்கிய கூட்டுத்திட்டம் இந்தி, வங்காளம், மராத்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகிய ஆறு மொழிகளுக்குப் பேச்சுப்பொறிகளை உருவாக்கி, அவற்றை ஓர்க்காவோடும், விண்டோஸின் கட்டற்ற திரைவாசிப்பானாகிய என்.வி.டி.ஏ.வோடும் இணைத்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெஸ்டிவல்' அதற்கு அடித்தளம். மனிதக் குரலைப் பதிந்து, அசைகளாக வெட்டி, வேண்டியவாறு ஒட்டும் முறை கையாளப்பட்டது. இங்கே அசை என்பது ஒலிநூலார் கூறும் அசை; யாப்பின் நேரும் நிரையும் அல்ல. 'நிலா' யாப்பில் ஓரசை, ஒலிநூலில் ஈரசை. இப்பெயரொற்றுமை பொறியாளருக்கும் தமிழாசிரியருக்கும் இடையே குழப்பம் விளைவிக்கக் கூடியது.

ஜோனத்தன் டடிங்டன் என்னும் ஆங்கிலேயர் தனிமனிதராக உருவாக்கிய 'ஈஸ்பீக்' மற்றொரு வழியில் வந்தது. 1995இல் ஏகார்ன் கணிப்பொறிக்கென எழுதப்பட்ட நிரல் அதன் மூலம். பின்னர் லினக்ஸுக்கு வந்தது. 2015இன் இறுதியில் ரீஸ் டன் தொடங்கிய கிளை 'ஈஸ்பீக் என்.ஜி.' என்னும் பெயரில் தொடர்கிறது. மனிதக் குரலை வெட்டி ஒட்டாமல் ஒலியலைகளைக் கணக்கிட்டுத் தோற்றுவிப்பதால் குரல் இயந்திரத்தன்மை உடையது. முதன்முறை கேட்போர் முகஞ்சுளிப்பர். ஆனால் மிகச் சிறியது, மிக விரைவாகப் பேசக்கூடியது. பழகிய பார்வையற்ற வாசகர் இயல்பான பேச்சைவிடப் பன்மடங்கு விரைவில் கேட்டுப் படிப்பர். இனிய குரல்கள் அவ்வேகத்தில் குழம்பிவிடும். ஆதலால் இனிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஈஸ்பீக்கை மதிப்பிடுவது பொருந்தாது. அதில் தமிழும் உண்டு. தமிழுக்கென ஒலிப்பு விதிகள் ஒரு கோப்பிலும், விதிக்கு அடங்காச் சொற்களும் எண்ணுப்பெயர்களும் மற்றொரு கோப்பிலும் உள்ளன. இரண்டையும் எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

அவ்விதிகளை ஆராய்வது தமிழ் இலக்கணத்தை வேறொரு மொழியில் மீண்டும் படிப்பதை ஒக்கும். ககரம் ஒன்றே எழுத்து. 'கல்', 'பக்கம்', 'சங்கம்', 'அகம்' ஆகிய நான்கிலும் ஒலி ஒன்றன்று. மொழிமுதலிலும் இரட்டிப்பிலும் வல்லொலி, மெல்லினத்தின் பின் மெலிந்த ஒலி, உயிர்களுக்கிடையே உரசொலி. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்த இவ்வொலிமாற்றத்தைத் தமிழ் பேசுவோர் அறியாமலே பின்பற்றுகின்றனர்; பொறிக்கோ ஒவ்வொன்றையும் விதியாக எழுதித்தர வேண்டும். விதி எழுதியதும் பிறமொழிச் சொற்கள் அதனை மீறும். 'காந்தி'யின் முதலெழுத்தும் 'கால்' என்பதன் முதலெழுத்தும் ஒன்றே. விதிப்படி படித்தால் பெயரின் ஒலி மாறிவிடும். 'பஸ்', 'பல்' ஆகியவற்றின் நிலையும் அதுவே. கிரந்த எழுத்துகளை விலக்குவோரும் ஏற்போரும் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். பொறியின் செவியில் அவ்வாதம் வேறொரு கேள்வியாகிறது: எழுத்தில் குறிக்கப்படாத ஒலியைக் கேட்போர் எங்கிருந்து பெறுவது? இதற்குச் சொற்பட்டியலை விரித்துக்கொண்டே செல்வதன்றி வேறு வழி இதுவரை காணப்படவில்லை. கோந்த்வாவுக்கும் அப்பட்டியலில் ஒரு வரி போதும்.

குற்றியலுகரம் அடுத்தது. 'நாடு', 'கயிறு', 'எஃகு', 'பட்டு', 'மார்பு', 'பந்து' ஆகியவற்றின் ஈற்றுகரமும் 'பசு', 'அது' ஆகியவற்றின் ஈற்றுகரமும் எழுத்தில் ஒன்றாயினும் ஒலியளவில் வேறானவை. வேறுபாட்டை அறிய ஈற்றயல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் நோக்க வேண்டும் என்னும் பழைய விதி, நிரலாக மாற்றுவதற்கு வியக்கத்தக்க அளவு ஏற்றது. ஐகாரக் குறுக்கமும் அவ்வாறே. எழுத்ததிகாரத்தின் இறுதி இயலாகிய குற்றியலுகரப் புணரியல் எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியை விரித்துரைப்பதைப் பயனற்ற பட்டியல் எனக் கருதிய மாணவர் உண்டு. '1995இல்' என்பதைப் பொறி 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில்' என்று படிக்க வேண்டுமாயின் அவ்வியலே துணை. எண்ணைத் தனியாகவும் உருபைத் தனியாகவும் படிக்கும் பொறிகளே மிகுதி. இவ்விதிகளை எழுதும் பணியில் தமிழ்த்துறையினர் பங்கு மிகக் குறைவு. பெரும்பாலும் பொறியாளரே இலக்கணம் கற்று எழுதினர்.

பழந்தமிழ்ச் செய்யுளில் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. சீர்பிரித்து அச்சிட்ட மூலத்தில் ஒரு சொல்லின் முற்பாதி ஒரு சீரிலும் பிற்பாதி அடுத்த சீரிலும் நிற்கும். பொறி இரண்டுக்கும் இடையே நிறுத்தி, பிற்பாதியின் முதலெழுத்தை மொழிமுதல் எழுத்தாகக் கொண்டு வல்லொலியாகப் படிக்கும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து வெளியிட்ட பதிப்புகள் பொதுவாசகர் நலம் கருதியவை. யாப்பைச் சிதைப்பதாக அவற்றைக் குறைகூறியோரும் உண்டு. கேட்டுப் படிப்பவர்க்கு அத்தகைய பாடமே பொருள் விளங்கும் பாடம்; ஓசை அறியச் சீர்பிரித்த பாடமும் உடன் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை யூனிகோடிலும் வழங்கத் தொடங்கியபின், பார்வையற்ற தமிழ் மாணவர்க்கு இலக்கிய மூலங்கள் பெருமளவில் முதன்முறையாகத் தாமே தேடிப் படிக்கும் நிலையில் கிடைத்தன.

தமிழகத்தில் பரவிய வழி

சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் இந்திய மொழிகளை முன்னிறுத்திய இயங்குதளம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. கட்டற்ற இயங்குதளம் ஒன்று இத்தனை மாணவர் கைக்குச் சென்றது இந்திய அளவில் அரிய நிகழ்வு. ஆயினும் பெரும்பாலோர் விண்டோஸையே திறந்தனர். ஆசிரியர்களும் அதையே அறிந்திருந்தனர். பார்வையற்ற மாணவரிடையே ஓர்க்காவைவிட, ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. மிகுதியாகப் பரவியதற்கு இதுவே காரணம் எனலாம். அதனுள் பேசியதும் ஈஸ்பீக் குரலே. இயங்குதளம் மாறினும் குரல் கட்டற்றதாக நின்றது.

லினக்ஸ் கருவின்மேல் இயங்கும் திரைவாசிப்பான் தமிழர் கைக்கு உண்மையில் வந்தது கைப்பேசியின் வழியே. கூகுளில் ராமனும் சார்லஸ் சென்னும் ஈடுபட்ட முயற்சியில் 2009இல் ஆண்ட்ராய்டுக்கு 'டாக்பேக்' வந்தது. லினக்ஸ் என்னும் பெயரையே கேளாத பல்லாயிரவர் இன்று அதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர்.

எஞ்சி நிற்கும் நூல்கள்

சட்டம் தடையாக இல்லை. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்க வழிசெய்தது. பார்வையற்றோர்க்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகில் முதலாவதாக ஏற்ற நாடும் இந்தியாவே. 2016இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. எனினும் ஒரு நூலைப் படியெடுக்க உரிமை இருப்பதும், அந்நூல் படியெடுக்கும் நிலையில் இருப்பதும் ஒன்றல்ல.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் வெளியிட்ட கருத்தரங்கக் கோவைகளும் ஆய்விதழ்களும் பழைய எழுத்துருக்களிலேயே கோக்கப்பட்டு, அவ்வாறே கோப்புகளாகச் சேமிக்கப்பட்டுள்ளன. எழுத்துருவை மாற்றும் கட்டற்ற நிரல்கள் உள்ளன. தூய தமிழ்ப்பத்திகளை அவை நன்கு மாற்றுகின்றன. சிக்கல் ஆய்வுக்கட்டுரைகளில்தான் மிகுதி. ஒரே பத்தியில் தமிழும் ஆங்கில நூற்பெயரும் கலந்திருக்கும். இரண்டும் நினைவில் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், எழுத்துருப் பெயர் நீங்கியவுடன் எது தமிழ் எது ஆங்கிலம் என்று நிரலால் பிரித்தறிய இயலாது. ஆங்கில நூற்பெயர் பொருளற்ற தமிழ் எழுத்துக் கூட்டமாகிவிடும். 'தொல்.', 'புறம்.', 'பக்.' முதலிய குறுக்கங்களின் புள்ளிகளை வாக்கிய முடிவாகக் கொண்டு பொறி நிறுத்தி நிறுத்திப் படிக்கும். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்தாலன்றி இக்கோப்புகள் செவிக்குரியனவாகா. அச்சாகி வெளிவந்த ஆண்டில் தட்டெழுதியவரும் மெய்ப்புத் திருத்தியவரும் இன்னும் துறைகளில் பணியில் இருக்கின்றனர். அவர்கள் ஓய்வுபெற்றபின் எந்தக் கோப்பில் எந்த எழுத்துரு என்பதைச் சொல்லவும் ஆளிருக்காது.